மட்டக்களப்புல ஒரு ஓவியரிட்டப் படம் பழகப் போறீங்களா? போக முதல் இத ஒருக்கா வாசிங்க

நான் மட்டக்களப்பு மாவட்டத்துல பெரியகல்லாறு ஊர் ஆள். பகல்ல கல்முனையில ஒரு கடையில கணக்கு எழுதுற வேல. 26 வயசுலதான் ஒழுங்காப் படம் பழகணும் எண்டு ஆச வந்து வெளிக்கிட்டன். யாருக்கிட்டப் போற, எவ்வளவு சல்லி, என்ன கொண்டு போற எண்டு சொல்லித்தர ஒரு ஆளும் இல்ல, அதால முதல் ஒன்றர வருசம் வீணாப் போச்சு.

எப்படி எண்டா, முதல்ல சேந்த இடத்துல கலண்டர் படத்தப் பாத்துக் கீறுறதுதான் பாடம். நான் கீறுவன், பிழைச்ச இடத்துல வாத்தியார் என்ட கையில இருந்து பிறஷ வாங்கி அவரே நாலு இழுவ இழுத்துவிடுவார், படம் பளிச்செண்டு வந்துரும். வீட்ட கொண்டு போனா அம்மாக்கு சரியான சந்தோசம், பிறேம் போட்டு ஹோல்ல மாட்டியாச்சு. மறுகா ஒருநாள் மாமா வந்து "மருமகன், நம்மட தோணிய ஒருக்காக் கீறித் தாவன்" எண்டார். ஆத்தடியில குந்தி மூண்டு மணித்தியாலம் கீறினன். நெடுக்க வெட்டின பப்பாப்பழம் மாதிரி ஒண்டு வந்திச்சு. மாமா நல்ல மனுசன், ஒண்டும் சொல்லல்ல, தேத்தண்ணி வாங்கித் தந்து அனுப்பிட்டார். அண்டைக்குத்தான் விளங்கினது, சுவர்ல தொங்குற படங்கள்ல என்ட கை பாதிதான் எண்டு.

இப்ப கல்லடிப் பக்கம் ஒரு ஓவியரிட்ட (சேர் எண்டுதான் கூப்பிடுற) மூண்டு வருசமாப் போறன். அங்க படிச்சதையும் அதுக்கு முதல் மொக்குத்தனமாச் செஞ்சதையும் சேத்துத்தான் இத எழுதுறன்.

1. முதல்ல உங்களுக்கு என்ன வேணும் எண்டு முடிவெடுங்க

படம் படிப்பிக்கிற ஆக்கள் எல்லாரும் ஒரே விசயத்தப் படிப்பிக்கிற இல்ல. ஓ லெவல், ஏ லெவல் சித்திரப் பாடத்துக்கு எண்டா பாடத்திட்டம் தெரிஞ்ச ஸ்கூல் சித்திர ரீச்சர்தான் சரி. போர்ட் எழுத, கோயில் கும்பாபிசேகத்துக்கு முதல் சுவருக்கும் சிலைக்கும் வர்ணம் பூச, கூத்து முடிகளுக்கு (கிரீடங்களுக்கு) அலங்காரம் செய்ய எண்டு தொழிலாப் பழகணும் எண்டா வேலையில நிக்கிற ஒரு ஆளோட எடுபிடியாப் போகணும், அது வேற படிப்பு, அங்க சல்லி குடுக்கிற இல்ல, சில நேரம் உங்களுக்குக் கிடைக்கும். சொந்தமாப் பாத்துக் கீறி உங்கட படம் எண்டு ஒண்டு செய்யணும் எண்டா தானும் ஒவ்வொரு நாளும் கீறுற ஒரு ஓவியர் வேணும். நான் இந்த மூண்டாவதுக்கு ஆசப்பட்டு முதலாவது மாதிரி ஒரு வகுப்புக்குப் போனதுதான் என்ட முதல் பிழை.

டிகிரி செய்யிற யோசனை இருந்தா ஒரு விசயம். கல்லடியில இருக்கிற சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துல கட்புலக் கலை (ஓவியம், சிற்பம் மாதிரி) படிக்கலாம், கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வருது. ஆனா ஏ லெவல் ரிசல்ட் மட்டும் காணாது, உளச்சார்புப் பரீட்சைக்கு வேறயா விண்ணப்பிக்கணும், அந்த அறிவித்தல் வாற நேரத்தத் தவற விட்டா அந்த வருசம் போனதுதான். ரிசல்ட் வந்த நாள்ல இருந்து பேப்பரையும் அவங்கட அறிவித்தல்களையும் கிழமைக்கு ரெண்டு தரமாவது பாருங்க. பரீட்சை எண்டா கண்ணுக்கு முன்னால குந்தி நீங்களே கீறணும், வாத்தியார் கை வச்ச படம் அங்க உதவாது.

2. ஆளத் தேடுற விதம்

நிறுவகத்துப் புள்ளைகள் கண்காட்சி வைக்கக்குள்ள போங்க, யாரிட்டப் பழகினீங்க எண்டு வாய் திறந்து கேளுங்க, சொல்லுவாங்க. பிரதேச செயலகத்துல கலாசார உத்தியோகத்தர் எண்டு ஒருத்தர் இருப்பார், அந்தப் பகுதிக் கலைஞர்கள அவருக்குத் தெரியும். நான் என்ட சேரக் கண்டுபிடிச்சது இந்த ரெண்டு வழியாலயும் இல்ல, பிறேம் கடையில. நல்ல படம் எல்லாம் எங்க இருந்து பிறேம் போட வருது எண்டு பிறேம் போடுறவனுக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்.

ஆளக் கண்டுபிடிச்சாலும் உடன சேந்துராதீங்க. ஒரு நாள் சும்மா வந்து இருக்கலாமா எண்டு கேளுங்க. போய் ரெண்டு விசயம் பாருங்க. ஒண்டு, அவர் இந்த மாசம் கீறின படம் இருக்கா. பத்து வருசத்துக்கு முதல் வாங்கின ஷீல்ட காட்டி அதையே பேசிட்டு இருந்தா யோசிங்க. மற்றது, மாணவர்கள்ட படங்களப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, பத்துப் பேரும் ஒரே தென்னமரம், ஒரே சூரியன், ஒரே கொக்கு கீறியிருந்தா அங்க பத்துப் பேர் இல்ல, வாத்தியார் மட்டும்தான் இருக்கார்.

3. முதல் நாள் கொண்டு போறது

நான் பிறேம் போட்ட படத்த பஸ்ஸில தூக்கிட்டுப் போனன். கண்டக்டர் ஏசினது ஒரு பக்கம், சேர் அதத் திரும்பியும் பாக்கல்ல. "கொப்பி எங்க?" எண்டுதான் கேட்டார். கொப்பி இல்ல எண்டன். ஒரு மாசம் கீறிட்டு வா எண்டு திருப்பி அனுப்பிட்டார்.

ஆகவே நீங்க கொண்டு போக வேண்டியது:
கடைசி ரெண்டு மாசத்துல கீறின 15, 20 தாள், ஒவ்வொண்டுலயும் மூலையில திகதி. பிழைச்சதும் இருக்கணும், அதுல இருந்துதான் உங்களுக்கு என்ன தெரியாது எண்டு அவர் பிடிப்பார். போட்டோவப் பாத்துக் கீறினத வேறயாக் கட்டி அதுல "போட்டோ" எண்டு எழுதுங்க, மறைக்காதீங்க, பாத்த உடன அவங்களுக்குத் தெரியும்.

தாள சுருட்டாதீங்க. சாமான் வாற காட்போர்ட் பெட்டிய வெட்டி ரெண்டு மட்டை எடுத்து நடுவுல தாள வச்சு நாடாவால கட்டினா மழைக்கு ஒரு பொலித்தீன் உறையோட பஸ்ஸில பயமில்லாமப் போகலாம், நான் இப்பயும் அதுதான்.

வீட்டுல படிப்பிக்கிறவரிட்ட வேற பத்திரம் ஒண்டும் தேவையில்ல. ஏதும் நிறுவனத்துல சான்றிதழ் கோர்ஸ் எண்டா அடையாள அட்டைப் பிரதி, பாடசாலைப் பெறுபேற்றுப் பிரதி, போட்டோ கேப்பாங்க, சில இடத்துல கிராம சேவகர்ட கடிதமும் கேப்பாங்க. கோல் எடுத்துக் கேட்டுட்டுப் போங்க, கிராம சேவகர் ஒபிஸ்ல இருக்கிற நாள் பாத்துப் போகாட்டி ஒரு கிழமை இழுபடும்.

4. சல்லிக் கதைய முதல் நாளே கதைங்க

நமக்கு இதுல பெரிய வெக்கம். குரு எண்டு கும்பிடுற ஆளிட்ட எப்படிச் சல்லி கதைக்கிற எண்டு. நான் வெக்கப்பட்டுக் கதைக்காம விட்டு முதல் இடத்துல வகுப்பு நடக்காத மூண்டு மாசத்துக்கும் கட்டினன்.

கேக்க வேண்டியது: மாசக் கணக்கா, நாள் கணக்கா? அவர் வராட்டி, நான் வராட்டி என்ன? பெயின்ட், தாள் யாருட? அவருக்கு வந்த ஓடர் வேலையில நான் கை குடுத்தா எனக்கு ஏதும் தருவாரா, இல்லாட்டி அது படிப்பாக் கணக்கா? நான் அங்க கீறின படம் யாருக்கு? கடைசி ரெண்டும்தான் பிறகு சண்டையில போய் முடியிறது. ஓடர் வேலை செய்யிறது நல்ல படிப்பு, நான் ஒரு கோயில் மண்டபத்துல பத்து நாள் தாமரை இதழா நிரப்பினதுல பிறஷ் பிடிக்கிற பிடி சரியானது, ஆனா அது படிப்பு எண்டு ரெண்டு பேரும் முதல்லயே சொல்லிருக்கணும்.

என்ட கணக்கு: சேருக்கு மாசம் 3000, கிழமைக்கு ஒரு நாள், சனி பின்னேரம். பஸ் போக வர வேற. சாமானுக்கு முதல் மூண்டு மாசம் கிட்டத்தட்ட 9000 போச்சு, அதுல பாதி தேவையில்லாதது. இது நான் சேரக்குள்ள, இப்ப கூடித்தான் இருக்கும்.

5. சாமான்: குறையா வாங்குங்க, பாத்து வாங்குங்க

24 கலர் பெட்டி வாங்காதீங்க. நான் வாங்கினன், அதுல தோல் நிறம் எண்டு ஒண்டு இருந்திச்சு, நம்மட ஊர்ல ஒருத்தருக்கும் இல்லாத தோல்.

அக்ரிலிக் (தண்ணியில கரைக்கிற, கெதியாக் காயிற பெயின்ட்) எண்டா ஆறு ரியூப் காணும். அல்ட்ராமரின் நீலம், எலுமிச்ச மஞ்சள், யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), ஒரு குளிர்ச் சிவப்பு (நீலப் பக்கம் சாஞ்ச சிவப்பு), பேர்ன்ட் சியன்னா (செம்மண் நிறம்), டைட்டேனியம் வெள்ளை. வெள்ளை மட்டும் பெரிய ரியூப், அதுதான் கெதியா முடியும். கறுப்பு வாங்காதீங்க, அல்ட்ராமரினையும் பேர்ன்ட் சியன்னாவையும் கலந்தா கறுப்புக்குக் கிட்ட வரும், வெள்ளை சேத்தா வாவித் தண்ணிக்கு ஏத்த சாம்பல் நிறம் எல்லாம் அதுல இருக்கு.

ரியூப்பில பெயரப் பாத்து ஏமாறாதீங்க, பின்னால சின்ன எழுத்துல நிறமிக் குறியீடு இருக்கும். அல்ட்ராமரின் எண்டா பி.பி. 29 (PB29), டைட்டேனியம் வெள்ளை எண்டா பி.டபிள்யூ. 6 (PW6). பெயரோட "ஹியூ" (Hue) எண்டு போட்டிருந்தா அந்த விலை கூடின நிறமி இல்ல, அது மாதிரித் தெரியிற வேற நிறமி. பழகிறதுக்கு அது காணும், ஆனா ஒரு கொம்பனி ரியூப் முடிஞ்சு மற்றக் கொம்பனிய வாங்கக்குள்ள கலவை மாறிப் போச்சே எண்டு தலையப் பிய்க்காதீங்க, காரணம் இதுதான்.

பிறஷ் மூண்டு: அர இஞ்சித் தட்டை, ஒரு நடுத்தர உருண்டை, ஒரு சின்னது. தாள் எண்டா கீறிப் பழக டிமை தாள வாங்கி நாலா வெட்டுங்க, மலிவு. வோட்டர் கலருக்கு மட்டும் 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம், நல்ல தடிப்பு) தாள் வேணும், பிறிஸ்டல் போர்டில (வழுவழுப்பான மெல்லிசு மட்டை) தண்ணி பட்டா அப்பளம் மாதிரி நெளியும்.

எண்ணெய் வர்ணத்த முதல் வருசம் தொடாதீங்க எண்டு சேர் சொன்னார், நானும் சொல்றன். அதக் கரைக்கிற டேர்பன்டைன் மணத்துக்குக் கதவு திறந்த இடம் வேணும், படம் காய நாள் கணக்காகும். அதவிட, அந்த வர்ணத்தோட கலக்கிற ஆளி எண்ணெய் ஊறின துணியக் குவிச்சுப் போட்டா தானாச் சூடாகி நெருப்புப் பிடிக்கும், இது கதையில்ல. கொடியில விரிச்சுக் காயப்போட்டு மறுகாத்தான் எறியணும்.

6. ஒவ்வொரு நாளும் 40 நிமிசம்

இதுதான் முக்கியம். கிழமைக்கு ஒருக்கா சேரிட்டப் போற ரெண்டு மணித்தியாலத்துல ஒருத்தரும் ஓவியர் ஆகிற இல்ல, மற்ற ஆறு நாளும் வீட்டுல என்ன செய்றீங்களோ அதத்தான் சேர் பாத்துத் திருத்தலாம். வெறுங்கையோட போனா அவருக்குத் திருத்த ஒண்டும் இல்ல, வெத்திலையப் போட்டுட்டு உலகக் கதை கதைச்சு அனுப்பிடுவார்.

நான் விடிய அஞ்சேகாலுக்கு எழும்புவன். வேலைக்குப் போயிட்டு வந்து கீறலாம் எண்டு ஒரு வருசம் நினைச்சன், ஒருநாளும் நடக்கல்ல. என்ட ஒழுங்கு இப்படி:

முதல் பத்து நிமிசம் கோடு. கைய நீட்டி, முழங்கைய மடக்காம, ஒரு கண்ண மூடிப் பென்சிலால அளந்து கீறுறது. கதிரை, வாளி, அம்மாட அம்மிக்கல்லு, எது கிடந்தாலும். றபர் பாவிக்கிற இல்ல, பிழைச்சா பக்கத்துல சரியான கோட்டப் போடணும், பிழையும் தெரியணும்.

அடுத்த இருபது நிமிசம் வெளிச்சமும் இருட்டும். ஒரு செம்ப யன்னலடியில வச்சு கண்ண அரைவாசி சுருக்கிப் பாத்தா சின்ன விசயங்கள் மறைஞ்சு பெரிய இருட்டும் பெரிய வெளிச்சமும்தான் நிக்கும். அத வெளிச்சத்துல இருந்து இருட்டு வரைக்கும் அஞ்சு படியாப் பிரிச்சு 2பி, 6பி (6பி கூடக் கறுப்பு) ரெண்டு பென்சிலால நிரப்புறது. சரியா எண்டு பாக்க போனில செம்பையும் படத்தையும் சேத்து ஒரு போட்டோ எடுத்து கறுப்பு வெள்ளையா மாத்திப் பாருங்க, பொய் சொல்ல ஏலா. நான் முதல் நாலு மாசமும் நிழல வெளிறப் போட்டிருக்கன், பயம்.

கடைசிப் பத்து நிமிசம் நிறம். படம் கீறுற இல்ல, ஒரு நிறத்தப் பாத்து அதே நிறத்தக் கலந்து தாள்ல ஒரு சதுரம் பூசுறது மட்டும். காஞ்ச வாழையில, பழைய ஓடு, மீன் செதில். அக்ரிலிக் காஞ்சா கொஞ்சம் கறுக்கும், அதையும் கணக்குல எடுங்க.

ஒரு நாள் விடுபட்டா அடுத்த நாள் ரெண்டு தரம் செய்யப் போகாதீங்க, விட்டது விட்டதுதான். நான் அப்படிக் கடன் கட்டப் போய் ஒரு மாசம் முழுக்க விட்டுட்டன்.

7. சேருக்கு முன்னால படத்த வைக்கிற விதம்

நான் ஒரு தரம் வாவியக் கீறிக் கொண்டு போனன். வலையிறவுப் பக்கம் கண்டல் மரம், தண்ணி நல்ல நீலம், ரியூப்பில இருந்து வந்த நீலம். சேர் பாத்தார். "மனே, இது தண்ணியா, புதுசா அடிச்ச தகரக் கதவா?" எண்டார். எனக்கு மூஞ்சி சிவந்திட்டு. விளங்கப்படுத்தப் போனன், வெயில் இப்படி, வானம் அப்படி எண்டு. அவர் கதைக்காம ஒரு வெள்ளை பிறிஸ்டல் போர்ட் துண்டுல பஞ்ச் மெசினால ஒரு ஓட்டை போட்டு என்னக் கூட்டிட்டு ஆத்தடிக்கு வந்தார். "ஓட்டைக்குள்ளால பாத்துச் சொல்லு, நீலம் எங்க கிடக்கு?" மரத்தடித் தண்ணி பழைய ஒலிவ் பச்சை, கிட்டத்தட்ட கறுப்பு. நடுவுல ஈயச்சட்டி நிறம். தூரத்துல, அக்கரைக்குக் கிட்ட, ஒரு கோடு அளவுக்குத்தான் நீலம், அதுவும் சாம்பல் கலந்தது. தண்ணி எண்டா நீலம் எண்டு மூளை சொன்னதக் கேட்டு நான் கண்ணத் திறந்து பாக்கவே இல்ல. அந்த மட்டைத் துண்டு இப்பயும் என்ட கொப்பிக்குள்ள இருக்கு.

இதுல இருந்து நான் பழகினது: படத்த வச்சுட்டு வாய மூடுங்க. காரணம் சொன்னா அவர் காரணத்துக்குப் பதில் சொல்லுவார், படத்தப் பாக்க மாட்டார். போகக்குள்ள ஒரே ஒரு கேள்வி கொண்டு போங்க. "எப்படி இருக்கு சேர்?" எண்டு கேட்டா "நல்லா இருக்கு" எண்டுதான் வரும். "இந்தத் தோணி தண்ணியில மிதக்காம மேல நிக்கிற மாதிரி இருக்கு, ஏன்?" எண்டு கேட்டா அரை மணித்தியாலம் சொல்லித் தருவார். சொன்னத அண்டைக்கு இரவே படத்துக்குப் பின்பக்கம் திகதியோட எழுதுங்க.

பிறஷ வாங்கித் திருத்த வந்தா? மரியாதையா ஒரு டிரேசிங் பேப்பர நீட்டுங்க. "சேர், இதுக்கு மேல கீறிக் காட்டுங்க, நான் வீட்ட போய்ச் செய்றன்". நல்ல ஆள் கோவிக்க மாட்டார். என்ட சேர் சிரிச்சுட்டு, "ஆரோ உன்ன நல்லாச் சுட்டிருக்கான்" எண்டார்.

8. மாரியும் கச்சானும்

வெளியூர்க்காரர்ட வீடியோவப் பாத்துப் பழகிற ஆக்கள் மாட்டுப்படுற இடம் இது. கச்சான் காத்து (மேற்கால வாற சூட்டுக் காத்து) அடிக்கிற ஆனி, ஆடியில அக்ரிலிக் தட்டுல வச்ச கையோட காஞ்சிரும். மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டிக்குள்ள ஈரத்துணி, அதுக்கு மேல எண்ணெய்த்தாள், அதுல பெயின்ட். மூடி வச்சா ரெண்டு நாள் தாங்கும். வெளியில கீறுறதெண்டா காலம ஏழரைக்கு முதல் முடிச்சிருங்க, மறுகா வெயில் மேல ஏற ஏற நிழல் எல்லாம் குறுகிப் போகும்.

மாரி எண்டா கார்த்திகை, மார்கழி. தாள் ஈரத்த இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். என்ட முதல் வருசப் படங்கள் கட்டிலுக்குக் கீழ கிடந்து மண்ணிறப் புள்ளி புள்ளியாப் போச்சு. நிலத்துல, சுவரோட ஒட்டி வைக்காதீங்க. வெள்ளம் வாற வீடெண்டா அலுமாரிக்கு மேல. அதுக்கு முதல் ஒவ்வொரு படத்தையும் பகல் வெளிச்சத்துல, நிழல்ல வச்சு போட்டோ எடுத்து, அளவு, எதால கீறினது, வருசம் மூண்டையும் ஒரு கொப்பியில எழுதுங்க. கண்காட்சிக்கு விண்ணப்பிக்கக்குள்ள இதத்தான் கேப்பாங்க, அந்த நேரம் தேடிட்டு இருக்கத் தேவையில்ல.

9. எவ்வளவு காலம் ஆகும்?

ஒவ்வொரு மாசமும் முதலாம் திகதி அதே செம்ப, அதே யன்னலடியில, அதே அளவு தாள்ல கீறுங்க. வேற ஒண்டாலயும் வளர்ச்சி தெரியாது, நேத்துக் கீறினது எப்பயும் கேவலமாத்தான் தெரியும்.

எனக்கு நடந்தது: முதல் மூண்டு மாசம் முந்தியதவிட மோசம், ஏனெண்டா கண் திறந்திட்டு, கை வரல்ல. இங்கதான் கனபேர் விட்டுட்டுப் போற. ஆறாம் மாசத்துல செம்பு நிலத்துல குந்தத் தொடங்கினது. ஒரு வருசத்துல என்ட படம் எல்லாம் சேர்ட படம் மாதிரியே வந்திச்சு, அவர்ட சாம்பல், அவர்ட வானம். பாக்கிற ஆக்கள் பாராட்டினாங்க, எனக்கும் பெரும. சேர்தான் அந்த மாசம் "இனி ரெண்டு மாசம் இஞ்ச வராத, சல்லியும் தேவையில்ல, உன்ட ஊருக்குள்ள மட்டும் கீறு" எண்டு அனுப்பினார். அப்ப கோவம்தான் வந்திச்சு. போய்க் கீறினது எங்கட வளவுக் கிணத்தடி, மாமாட தோணி, மீன் வாடி. 22 படம். திரும்பக் கொண்டு போய் வச்சப்ப அவர் எல்லாத்தையும் தலைகீழாத் திருப்பி வச்சுப் பாத்து நாலத் தனிய எடுத்தார். மற்றப் பதினெட்டப் பத்தி ஒரு சொல்லும் சொல்லல்ல.

அந்த நாலுல ஒண்டு மாமாட தோணி. அத மாமாக்கே குடுத்திட்டன், பிறேம் சல்லிய அவரே கட்டினார். பிறேம் போட எங்கட பக்கம் ஒரு கிழமை சொல்லுவாங்க, கோயில் திருவிழாக் காலம் எண்டா ரெண்டு கிழமை வைங்க, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில மவுன்ட் மட்டை போடச் சொல்லுங்க, இல்லாட்டி அடுத்த மாரியில படம் கண்ணாடியோட ஒட்டிப் பிடிச்சிரும்.